களவாணி இல்லாத வகுப்பு

ராஜரத்தினம் சார் வகுப்பில் தினமும் ஒரு தப்பு இருக்கும். வேண்டுமென்றே வைப்பார். அதற்குப் பெயர் களவாணி. கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டே போகும்போது எங்கேயாவது ஒரு குறியை மாற்றிவிடுவார், ஓர் அடுக்கை விழுங்கிவிடுவார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி அடுத்த வரிக்குப் போய்விடுவார். முதலில் பார்க்கிற பிள்ளை எழுந்து "களவாணி, சார்!" என்று கத்த வேண்டும். கத்திய பிள்ளையே பலகைக்கு வந்து சிவப்புச் சாக்பீஸால் அதை அடித்துத் திருத்தலாம். பரிசு அவ்வளவுதான். அதற்குப் போய் பிளஸ் ஒன் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள்.

பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் சத்தம் தாங்கவில்லை என்று பல வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதியில் மீசை நரைத்த ஆட்கள்கூட அவரைப் பார்த்தால், "சார், நான் அன்னைக்கு அந்தக் களவாணியைப் பிடிச்சேனே, ஞாபகம் இருக்கா?" என்பார்கள். அவருக்கு ஞாபகம் இருக்கும். எந்தக் கணக்கு, எந்த வரி என்பதுவரை சொல்வார். அப்படிப்பட்ட ஞாபகம் அவருக்கு இருந்தது.

களவாணிக்கு மிகவும் பிடித்த பாடம் உட்படு சார்புகளை வகையிடுவது. y = x² + 3x என்று இருந்தால் அது வெளிப்படு சார்பு. y தனியாக ஒரு பக்கம் நிற்கும், மறுபக்கம் முழுக்க x. நேராக வகையிட்டு 2x + 3 என்று எழுதிவிட்டுப் போகலாம். அங்கே களவாணிக்கு ஒளிய இடம் குறைவு. x² + y² = 25 என்று வந்தால் நிலைமை வேறு. y அங்கே x-ஓடு கலந்து கிடக்கிறது. பிரித்துத் தனியே எடுக்கப் போனால் வர்க்கமூலம் குறுக்கே வந்து, வட்டத்தின் மேல்பாதி வேண்டுமா கீழ்ப்பாதி வேண்டுமா என்று கேட்கும். அதனால் பிரிக்காமல், இருக்கிற இடத்திலேயே வைத்து வகையிட வேண்டும். x²-க்கு 2x. y²-க்கு வெறும் 2y போதாது, அதோடு dy/dx-ஐப் பெருக்க வேண்டும். x நகரும்போது y-யும் கூடவே நகர்கிறது என்பதற்கு அந்த dy/dx-தான் சாட்சி. பிள்ளைகள் எல்லாருமே மறப்பது அதைத்தான்.

"y என்ன, அசையாம நிக்குத கல்லாலே?" என்று மேசையைத் தட்டுவார். "வெளிய தெரியலைங்கிறதுக்காக மாறலைன்னு நெனைச்சிராத. அதுவும் மாறிக்கிட்டேதான் இருக்கு."

அவர் மனைவி பிரிஸ்கில்லாவும் கணக்கு டீச்சர்தான். மடவார் வளாகத்து வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் போய் வருபவள். ஒரே வீட்டில் இரண்டு கணக்கு வாத்தியார் இருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களிடம், "உப்பு போட்டியான்னு கேக்க மாட்டாரு, எம்புட்டு போட்டன்னுதான் கேப்பாரு" என்பாள். வாய்த்துடுக்குக்காரி. அந்த வாயைத்தான் போன சித்திரையிலிருந்து பூட்டி வைத்திருந்தாள்.

சித்திரையில் அவர் மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போய்விட்டு நடந்து வந்தார். வண்டி எங்கே என்று கேட்டால், "எந்த வண்டி?" என்றார். பிறகு மதுரைக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இது வயதானால் வரும் சாதாரண மறதி இல்லை, வியாதி, குறையாது, மாத்திரையால் வேகத்தை மட்டும் கொஞ்சம் தடுக்கலாம் என்று சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் ராஜரத்தினம் சார் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"கிளாஸ் எடுக்கலாம்ல?"

"எடுக்கலாம். ஏன் எடுக்கக் கூடாது?" என்றாள் பிரிஸ்கில்லா. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

ஐப்பசி வரைக்கும் ஓடியது. மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் உட்படு சார்பு ஆரம்பமானது. அன்றைக்குப் பலகையில் x³ + y³ = 6xy. அவர் வைத்த களவாணி y³-இல். 3y² என்று மட்டும் எழுதி dy/dx-ஐ விட்டார். மம்சாபுரத்துப் பிள்ளை பானுப்பிரியா, வகுப்பு லீடர், எழுந்து கத்தினாள். வந்து திருத்தினாள். திருத்தியவள் அங்கேயே நின்று, "சார், இங்க இன்னொரு களவாணி" என்றாள். வலது பக்கம் 6xy-க்கு வெறும் 6y என்று இருந்தது. பெருக்கல் விதிப்படி 6x dy/dx-உம் வர வேண்டும். வகுப்பே சிரித்தது. அதையும் அவள் திருத்தினாள். அடுத்த வரியில் அவர் உறுப்புகளை இடம் மாற்றும்போது கழித்தல் குறி கூட்டலானது. "மூணாவது களவாணி!" என்று கடைசி பெஞ்சுவரை எழுந்து நின்று ஆடியது. சாரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"மூணு பிடிச்சுட்டுதுக" என்றார்.

"நல்லதுதான? கெட்டிக்காரப் பிள்ளைக."

"நான் ஒன்னுதான் வச்சேன், பிரிஸி."

அதற்குப் பிறகு அவர் களவாணி வைப்பதை நிறுத்திவிட்டார். நிறுத்திய பிறகும் வகுப்பில் "களவாணி" சத்தம் நிற்கவில்லை. நாலு, ஐந்து என்று ஏறியது. முதலில் சிரித்த பிள்ளைகள் பிறகு சிரிக்காமல் கத்தினார்கள், பிறகு பாதிக் குரலில் சொன்னார்கள். நேற்று முடித்த கணக்கை அவர் இன்றைக்கும் முதலிலிருந்து நடத்தியபோது ஒரு பையன் வீட்டில் போய்ச் சொன்னான். அவன் அப்பா பள்ளிக்கூடத்தில் வந்து கேட்டார்.

தலைமையாசிரியர் ஐயாதுரை நல்ல மனிதர். வரலாறு படித்தவர், கணக்கென்றால் எட்டு மைல் ஓடுபவர். ராஜரத்தினத்தையும் பிரிஸ்கில்லாவையும் ஒரு மாலை அறைக்கு அழைத்து உட்காரவைத்துப் பேசினார்.

"எனக்கு ஒன்னும் சந்தோசம் இல்லை சார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஒங்க கிளாஸ்ல வந்து உக்காருதேன். நல்லா நடந்துச்சுன்னா பப்ளிக் பரீட்சை வரைக்கும் நீங்கதான், எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிடுதேன். இல்லைன்னா மெடிக்கல் லீவு போட்டுட்டு வீட்டுல இருங்க. ரிட்டயர்மென்ட் வரைக்கும் அப்படியே ஓட்டிரலாம்."

ராஜரத்தினம் தலையாட்டினார். வெளியே வந்ததும் மழையில் நின்று பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிரிஸ்கில்லாவுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. இந்த மனுசனை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டால் வீட்டில் உட்காரவைக்க மிச்சம் என்ன இருக்கும் என்று நினைத்தாள். அவர் வெற்றிலை போடுபவர் இல்லை, சீட்டு ஆடுபவர் இல்லை, சர்ச் கமிட்டிச் சண்டைக்குக்கூடப் போகாதவர். பலகைக்கு முன்னால் மட்டும்தான் அவர் முழு ஆள்.

மறுநாள் சாயங்காலம் ராஜபாளையம் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் மம்சாபுரம் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் கூட்டத்தில் பானுப்பிரியாவைத் தேடிப் பிடித்தாள். வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேராவது கூட இருந்தார்கள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"சாருக்கு ஒடம்பு சரியில்லை. மறதி வியாதி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஹெச்.எம். வந்து பாக்கப் போறாரு. அது முடியிற வரைக்கும் யாரும் களவாணின்னு கத்தாதீங்க. தப்பு இருந்தா பேசாம நீங்களே சரியா எழுதிக்கிடுங்க. சந்தேகம் வந்தா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, நான் சொல்லித் தாரேன்."

ஒருத்தி அழத் தொடங்கினாள். பானுப்பிரியா மட்டும் யோசித்துக் கேட்டாள்.

"டீச்சர், அவிய வேணும்னே வைக்கிறது எது, மறந்து விடுதது எதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டுக்கும் சத்தம் போடாதீங்க" என்றாள் பிரிஸ்கில்லா.

அந்த ஒரு பதிலில் எல்லாம் முடிந்துபோயிற்று. ஆனால் பஸ் ஸ்டாண்டில் ஈரக் குடையோடு நிற்கும் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? அன்பில் செய்கிற காரியத்துக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை, தொல்லையே அதுதான்.

பிள்ளைகள் சொன்னபடி இருந்தார்கள். பதினாறு வயதில் ஒரு வகுப்பே சேர்ந்து வாயைக் கட்டுவது லேசான காரியம் இல்லை. அவர் குறியை மாற்றினார், குனிந்து எழுதிக்கொண்டார்கள். அவர் dy/dx-ஐ விட்டார், அவர்கள் போட்டுக்கொண்டார்கள். முடித்த கணக்கை மறுபடியும் நடத்தினார், புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார்கள்.

வீட்டில் ராஜரத்தினத்தின் முகம் மாறியது. திங்கள்கிழமை ஒரு சத்தமும் இல்லை என்றார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினார்.

"மாத்திரை வேலை செய்யுதுட்டீ. மூணு நாளா ஒரு தப்பு இல்லை. மதுரை டாக்டரு பெருசா சொன்னாரு!"

"நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்று பிரிஸ்கில்லா ரசத்தை ஊற்றினாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் குளியலறையில் ஞானப்பாட்டு பாடும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றபோது, தான் செய்தது சரிதான் என்று முழுசாக நம்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் சிவப்புச் சாக்பீஸை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"அது எதுக்கு?" என்றாள்.

"ஹெச்.எம். வாராருல்ல? களவாணி இல்லாம என் கிளாஸை எப்படிக் காட்டுதது? பிள்ளைக கத்துத கத்துல மனுசன் ஆடிப்போகணும்."

"இன்னைக்கு மட்டும் வேண்டாம்ங்க. சும்மா பாடத்தை நடத்திட்டு வாங்க."

"நீ ஒன் ஸ்கூலைப் பாரு" என்று சிரித்தார். ஏன் வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ராஜபாளையம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மூன்றாவது பீரியட். ஐயாதுரை கடைசி பெஞ்சில் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ராஜரத்தினம் சார் பலகையில் வட்டம் வரைந்தார். என்ன வட்டம்! மூளை எதை விட்டாலும் கை விடவில்லை. x² + y² = 25 என்று எழுதினார். வெளிப்படு சார்பு எது, உட்படு சார்பு எது, இந்த y-ஐப் பிரிக்காமல் ஏன் வகையிட வேண்டும் என்று சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. அன்றைக்கு அவர் தப்பே செய்யவில்லை, உண்மையாகவே. பிள்ளைகள் மூச்சை விட்டு நிமிர்ந்தார்கள்.

அப்புறம் அவர் களவாணியை வைத்தார். 2x + 2y = 0.

பலகையைப் பார்த்தபடியே நின்றார். முதுகுக்குப் பின்னால் சத்தம் வரும் என்று காத்திருந்தார். வெளியே மழை மட்டும் விழுந்தது. இதைவிடப் பச்சையான களவாணியை அவர் வைத்ததே இல்லை. ஹெச்.எம். முன்னால் சட்டென்று பிடித்துவிட வேண்டும் என்று மெனக்கெட்டு லேசாக வைத்தது. திரும்பினார்.

"சரியா?" என்றார்.

"சரி சார்" என்றது வகுப்பு.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது சரியா?"

"சரி சார்."

"பானுப்பிரியா, நீ சொல்லு."

அவள் எழுந்தாள். பலகையைப் பார்த்தாள், கடைசி பெஞ்சில் இருந்த தலைமையாசிரியரைப் பார்த்தாள். எந்தத் தப்பையும் ஒரு மூச்சு தாண்ட விடாதவள் அவள். "சரி சார்" என்றாள். சொல்லும்போதே உதடு கோணி அழுதுவிட்டாள்.

ராஜரத்தினம் சார் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார். எல்லாத் தலையும் குனிந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்து, தானே அந்த வரியை அடித்து, 2x + 2y dy/dx = 0 என்று எழுதினார். கீழே dy/dx = –x/y என்று முடித்தார். "உக்காரும்மா" என்றார்.

ஐயாதுரை வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரமாதம் சார். பிள்ளைக எம்புட்டு அமைதியா இருக்கு! இதுல போய்க் குத்தம் சொல்லுதாங்களே. நீங்களே தொடர்ந்து எடுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

"லீவு போட்டுக்கிடுதேன் சார்" என்றார் ராஜரத்தினம்.

மத்தியானம் ஐயாதுரை பிரிஸ்கில்லாவுக்குப் போன் செய்தார். "கிளாஸ் ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர். இவரு எதுக்கு லீவு கேக்குதாருன்னுதான் எனக்குப் பிடிபடலை." அவளுக்குப் பிடிபட்டது. ராஜபாளையத்திலிருந்து வரும் வழியெல்லாம் பஸ் கண்ணாடியில் மழைநீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு, என்ன சொல்லலாம் என்று பத்து விதமாக யோசித்தாள்.

வீட்டில் அவர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் வந்த சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"நான் வேணும்னேதான் வச்சேன்" என்றார். "கொழந்தைகூடப் பிடிச்சிரும், அப்படி வச்சேன். ஒருத்தரும் கத்தலை."

பிரிஸ்கில்லா பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப இத்தனை நாளும் கத்தலைன்னா தப்பு இல்லைன்னு அர்த்தம் இல்லை. தப்பு பாட்டுக்கு இருந்திருக்கு. பிள்ளைக எனக்காகப் பொறுத்துக்கிட்டு இருந்திருக்குக." திரும்பி அவளைப் பார்த்தார். "அதுகளுக்குத் தானா இது தோணாது. நீயா?"

"நான்தான்" என்றாள். "ஒங்களை வெளிய அனுப்பிருவாங்கன்னு பயந்து சொன்னேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

"தப்புன்னு சொல்லுத வரைக்கும் நான் அதுகளுக்கு வாத்தியாரு, பிரிஸி. மூணு தப்புன்னாலும் வாத்தியாரு. அம்பது தப்புன்னாலும் வாத்தியாரு. இன்னைக்கு அந்தப் பிள்ளை அழுதுக்கிட்டே சரின்னு சொல்லுச்சு பாரு, அப்ப நான் யாரு? மொடமாப் போனவனுக்குப் பாதை விடுத மாதிரி விட்டுதுக."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அவர் அவள் முதுகில் கை வைத்திருந்தார்.

"நீயாவது சொல்லு" என்றார் பிறகு. "இனிமே நான் என்ன தப்பாச் சொன்னாலும் மறைக்காம சொல்லணும். பாவம்னு பாத்து ஆமா போடாத. அது என்னைக் கொன்னுரும்."

"சொல்லுதேன்."

"சத்தியமா?"

"சத்தியமா சொல்லுதேன்ங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனசு கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது. காப்பி கேட்டார். அவள் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, ஏதோ யோசித்தவராக டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் லீவு போட்டதை எங்க அம்மாகிட்ட இப்பச் சொல்லிராத. அவ தாங்க மாட்டா. பொறவு நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்."

பிரிஸ்கில்லா அவர் முகத்தைப் பார்த்தாள். "சரி" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனை லேசான சொல்! வகுப்பு முழுக்கச் சொன்ன சொல். அவர் அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை இல்லைங்க" என்றாள். "கொரோனா சமயத்துல தவறிட்டாங்க."

அவர் வாய் லேசாகத் திறந்தது. அவளைப் பார்த்தார், அம்மா படுத்திருந்த உள் அறைக் கதவைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். எழப் போனவர் கால் பட்டு டம்ளர் சாய்ந்து காப்பி தரையில் ஓடியது.

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?" என்று கேட்டார்.